ஒரு மூலை மண்ணையாவது பசங்களுக்கு விட்டு வைங்க

சென்னை அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

தண்ணி லாரி, லிஃப்ட், செக்யூரிட்டின்னு சம்பளமே இல்லாம நீங்க இழுத்துப் போட்டு செய்யுற வேலை கொஞ்சநஞ்சம் இல்ல, அது தெரிஞ்சுதான் எழுதுறேன். ஆனா மிச்சமிருக்குற மண் தரையையும் "சேறாகுது, பூச்சி வருது"ன்னு பேவர் பிளாக் போட்டு மூடிட்டே வர்றீங்களே, அதப் பத்தி பேசியே ஆகணும்.

கிண்டி தேசியப் பூங்கா கிட்டத்தட்ட 270 ஹெக்டேர், ஊருக்கு நடுவுல அப்படி ஒரு காடு இருக்குறது நம்ம பாக்கியம். ஆனா அங்க பசங்கள என்னைக்கோ ஒரு நாள்தான் கூட்டிட்டுப் போவோம். ஸ்கூல் விட்டு வந்ததும் யாரையும் கேக்காம தானா இறங்கிப் போய் நோண்டுறதுக்கு ஒரு எடம் வேணும்ல?

ஒரு கறிவேப்பிலை செடி போதுங்க. இலை மேல காக்கா எச்சம் மாதிரி ஒன்னு ஒட்டிருக்கும், கிட்டப் போய் பாத்தா புழு, நாலஞ்சு நாள்ல பச்சையாயிடும், சீண்டுனா தலைகிட்டருந்து ரெண்டு செவப்பு கொம்ப நீட்டி ஒரு நாத்தம் விடும், அப்புறம் கூட்டுப்புழு, அப்புறம் ஒரு நாள் காலைல கருப்பு பட்டாம்பூச்சி. சன்ஷேடுக்கு கீழ மழை படாத பொடி மண்ணுல குட்டிக் குழி பறிச்சு குழியானைப் பூச்சி இருக்கும், எறும்பு விழுந்தா உள்ளருந்து மண்ண வாரி அடிக்கும். நம்ம எல்லாரும் மணிக்கணக்கா குந்தி உக்காந்து பாத்ததுதானே! மாசாமாசம் மருந்தடிச்சு, கல்ல பதிச்சு விட்டா இது ஒன்னுமே மிஞ்சாது.

கண்ணு விஷயமும் இருக்கு. பசங்க பகல் வெளிச்சத்துல வெளிய இருந்தா கிட்டப்பார்வை வர்றது குறையுதுன்னு தைவான்ல 2010லருந்து தினம் 120 நிமிஷம் பசங்கள வெளிய விடச் சொல்லி ஸ்கூல்கள்ல திட்டமே நடத்துறாங்க. நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?

இன்னொன்னு, இதச் சொன்னா சிலருக்கு கோவம் வரும், பரவால்ல. மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல போற பெரிய ப்ராஜெக்ட்ல, ரோடு போக மிச்சத்துல 10 சதவீத நிலத்த ஓஎஸ்ஆர்னு, அதாவது திறந்தவெளி ஒதுக்கீடுன்னு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கணும், அது பொது எடம். அதுக்கு கேட் போட்டு பூட்டி பக்கத்து தெரு பசங்கள வெரட்டுறது ரொம்ப தப்பு, அந்தப் பசங்க வீட்டுல பால்கனி கூட கெடையாது.

அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்ல இத வைங்க. ஒரு மூலைய கல்லு போடாம, மருந்தடிக்காம விடணும். மரத்த சுத்தி அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசிருந்தா ஒரு மீட்டராவது பேத்து எடுக்கணும், வேருக்கும் தண்ணி எறங்கும். "மண்ணுல விளையாடக் கூடாது" போர்டு இருந்தா கழட்டிடுங்க. சேறு பட்ட காலோட லிஃப்ட்ல ஏறுனா திட்டுவாங்கன்னு பயப்படுற பசங்களுக்காக, கீழயே ஒரு குழாய் வைங்க, செலவு ரொம்ப ஆகாது. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்.