என் தம்பியின் இதயத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். என் தம்பி உடல் தேறி, மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். அவனுக்கு வந்தது எடிபிகல் ஹீமோலிட்டிக் யூரீமிக் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.எச்.யு.எஸ். என்று சொல்லப்படும் அரிய நோய். இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்கும் அந்த நோய், அவனுடைய இதயத்தையும் விட்டுவைக்கவில்லை. உற்றார் உறவினர் யாவரும் தொலைவில் இருக்க, வேற்று மொழி பேசும் நாட்டில் நாங்கள் இருவர் மட்டும் திகைத்து நின்ற வேளையில் அவனை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு, நேரில் சொன்ன நன்றி போதவில்லை என்று தோன்றியதால் இம்மடலை எழுதுகிறேன். யார் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; இதே நோயோடு அயல்நாட்டில் தனியாகத் தவிக்கும் வேறொரு குடும்பத்தின் கண்ணில் இது பட்டால் அவர்களுக்கும் பயன்படக்கூடும்.

முதலில், அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவருக்கு. களைப்பு, கால் வீக்கம், கறுத்துக் குறைந்துபோன சிறுநீர் என்று வந்தவனின் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் இறங்கியிருந்தன, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது. இவற்றைத் தனித்தனிக் கோளாறுகளாக எண்ணி ஒவ்வொரு பிரிவுக்கும் அனுப்பியிருந்தால் நாட்கள் ஓடியிருக்கும். அவர் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும்படி ஆய்வகத்தைக் கேட்டுக்கொண்டார். கிழிந்து துண்டான சிவப்பணுக்கள் தெரிகின்றன என்று, விடியும்வரை காத்திராமல் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன ஆய்வகப் பணியாளரை நாங்கள் பார்த்ததே இல்லை. நுண்ணிய இரத்தக்குழாய்களுக்குள் உறைகட்டிகள் அடைத்துக்கொள்ள, அந்த இடுக்கில் புகுந்து வரும் சிவப்பணுக்கள் கிழிபடுவதுதான் இந்நோயின் அடையாளம் என்பதைப் பிற்பாடு அறிந்தபோது, அந்த ஒரு அழைப்பின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

அந்த மருத்துவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். இதே அடையாளத்தோடு டி.டி.பி. என்ற வேறொரு நோயும் வரும். அதில் ஆடம்ட்ஸ்13 என்ற நொதியின் செயல்பாடு 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதைக் கண்டறியும் இரத்த மாதிரியை, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். பிறருடைய பிளாஸ்மா உடலில் ஏறிய பிறகு எடுத்தால் முடிவை நம்ப முடியாது. கழுத்தில் குழாய் பொருத்திக்கொண்டிருந்த பரபரப்பிலும் அந்த மாதிரியை மறக்காமல் எடுத்து வைத்தார். நச்சு சுரக்கும் ஈ.கோலை கிருமியாலும் இதுபோன்ற நோய் வரும் என்பதால் மலப் பரிசோதனைக்கும் எழுதினார். இவ்விரண்டும் இல்லை என்று உறுதியானதால்தான் ஏ.எச்.யு.எஸ். என்ற முடிவுக்கு அவர்களால் விரைவாக வர முடிந்தது.

அந்த முடிவு வரும்வரை அவனைத் தாங்கிப் பிடித்தவர்கள் பிளாஸ்மா கொடையாளர்கள். வயது வந்த ஒருவருக்கு ஒரு முறை பிளாஸ்மா மாற்ற ஏறத்தாழ 3 லிட்டர் தேவைப்படும். ஒரு பையில் 200 முதல் 250 மில்லி லிட்டர்தான் இருக்கும் என்பதால், ஒரே அமர்வுக்குப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த பிளாஸ்மா வேண்டும். அப்படி எத்தனையோ பேருடைய உடலிலிருந்து வந்தது என் தம்பியின் உடலில் ஓடியது. அவர்களில் ஒருவருடைய முகமும் எனக்குத் தெரியாது. அவர்கள் ஒவ்வொருவரையும் நெஞ்சார வணங்குகிறேன். இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதற்காக பிளாஸ்மா மாற்றும் பிரிவின் செவிலியர் கால் மணிக்கு ஒரு முறை குனிந்து, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறதா, விரல் நுனி கூசுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் கண் அயர்ந்தாலும் எழுப்பிக் கேட்டார்.

இனி, இம்மடலை எழுத வைத்த முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு உடலில் தேங்கிய நீர் வடிந்தது. எடையும் மருத்துவர்கள் குறித்த அளவுக்கு இறங்கியது. எல்லோரும் ஆறுதல் அடைந்தோம். ஆனால் அவனால் மட்டும் படுக்க முடியவில்லை. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, இரவு முழுவதும் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். டயாலிசிஸ் பிரிவின் மூத்த செவிலியர் ஒருவர் அவனுடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், அது சில்லிட்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி ஓட்டம் மிகுந்திருப்பதையும், டயாலிசிஸ் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே இரத்த அழுத்தம் சரிவதையும் அவர் முந்தைய பதிவேடுகளைப் புரட்டி ஒப்பிட்டார். நீர் இறங்கியும் மூச்சு இறங்கவில்லை என்றால் காரணம் நீர் மட்டும் அல்ல என்று சொல்லி, பணி மருத்துவரை அழைத்து, அன்றே எக்கோ என்னும் இதய ஒலிஅலைப் படம் எடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். மறுநாள் பார்க்கலாம் என்ற பதிலை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

எக்கோவில் இடது கீழறை முழுவதுமே தளர்ந்திருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறையிலுள்ள இரத்தத்தில் குறைந்தது 55 சதவீதமாவது வெளியே தள்ளப்பட வேண்டும். அவனுக்கு அது 25 சதவீதமாக இருந்தது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்த அதே உறைகட்டிகள் இதயத் தசையின் நுண்குழாய்களையும் தாக்கியிருக்கின்றன என்பது மருத்துவர்களின் கணிப்பு. உயர்ந்த இரத்த அழுத்தமும் இரத்தசோகையும் மேலும் சுமையைக் கூட்டியிருந்தன. அந்தச் செவிலியர் பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவும் எனக்குத் துணிவில்லை. அம்மா, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! உங்கள் மொழியில் எனக்குத் தெரிந்த சில சொற்கள் போதவில்லை. என் மொழியிலும் போதவில்லை.

இதய நோய் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் அன்று மாலையே அவனுடைய கட்டிலருகில் சேர்ந்து நின்று பேசினார்கள். இரு துறையினரும் தனித்தனிக் குறிப்புகளை எழுதி வைத்துவிட்டுப் போகாமல், ஒருவர் மருந்தால் மற்றவர் உறுப்புக்கு என்ன கேடு வரும் என்று கேட்டுக் கேட்டு முடிவெடுத்தது, அந்தச் சிகிச்சையின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். ஆஞ்சியோகிராம் எடுக்கச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், இ.சி.ஜி.யும் எக்கோவும் ஒரு பெரிய குழாயின் அடைப்பைக் காட்டவில்லை என்பதால் அதற்கு அவசரம் வேண்டாம் என்றார் இதய மருத்துவர். இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்ற புரதம், சிறுநீரகம் பழுதானாலே கூடித் தெரியும் என்பதால், ஒரு முறை வந்த எண்ணை வைத்து முடிவு செய்யாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தொடர்ந்து பார்த்தார். ஒரேயடியாக நீரை உறிஞ்சினால் தளர்ந்த இதயம் தாங்காது என்று, நாள் முழுவதும் மெல்ல மெல்ல ஓடும் டயாலிசிஸ் முறைக்கு மாற்றினார் சிறுநீரக மருத்துவர். டயாலிசிஸுக்கு இரத்தம் எடுக்கக் கையில் ஃபிஸ்டுலா என்ற இணைப்பு அமைக்கும் அறுவையையும் தள்ளி வைத்தார். தமனியையும் சிரையையும் நேரே இணைத்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் கூடி, அதன் வேலையும் கூடும் என்று படம் வரைந்து எனக்கு விளக்கினார். இதயத்தின் சுமையைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரையை மிகக் குறைந்த அளவில் தொடங்கிச் சில வாரங்களுக்கு ஒரு முறை கூட்டினார்கள். இதயச் செயலிழப்புக்கு வழக்கமாகத் தரும் சில மருந்துகள் பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதால், முதலில் இரத்தக்குழாய்களை விரிக்கும் ஹைட்ரலசினும் நைட்ரேட்டும் கொடுத்துச் சமாளித்தார்கள்.

ஆனால் நோயின் வேரை அடக்க வேறு மருந்து வேண்டியிருந்தது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய காம்ப்ளிமென்ட் என்ற புரத அமைப்பு கட்டுக்கடங்காமல் சொந்த இரத்தக்குழாய்களையே தாக்குவதுதான் ஏ.எச்.யு.எஸ். அந்தச் சங்கிலியில் சி5 என்ற புரதம் பிளவுபடாமல் தடுக்கும் எக்குலிசுமாப், 2011-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. உலகிலேயே விலை மிகுந்த மருந்துகளுள் ஒன்று. இதயமும் பாதிக்கப்பட்டிருக்கிறது, தாமதிக்க இயலாது என்று காரணங்களை அடுக்கி, அனுமதிக்கான விண்ணப்பத்தை எழுதிய மருந்தாளுநர், அது கையில் கிடைக்கும்வரை வீட்டுக்குப் போகவில்லை என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். இம்மருந்து எடுப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி தொற்றும் ஆபத்து பன்மடங்கு அதிகம். தடுப்பூசி போட்டு இரண்டு வாரங்கள் பொறுத்திருப்பதே முறை; பொறுக்க நேரம் இல்லாததால் ஊசியையும் போட்டு, நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையையும் தொடங்கினார்கள். இந்த ஆபத்தையெல்லாம் எங்களுக்குப் புரியவைத்தவர் தொலைபேசி வழியே பேசிய மொழிபெயர்ப்பாளர். கையொப்பம் இடுவதற்கு முன்பு, நான் கேட்கத் தயங்கிய கேள்வியை என் குரலிலிருந்தே ஊகித்து, கேட்கட்டுமா என்று என்னிடம் அனுமதி பெற்று மருத்துவரிடம் கேட்டார்.

மருந்து ஏறிய சில நாட்களில் தட்டணுக்கள் உயரத் தொடங்கின. இதயம் அவ்வளவு விரைவாகத் தேறவில்லை. அதற்குப் பல மாதங்கள் ஆயின.

அந்த மாதங்களில் எங்களைச் சுமந்தவர்கள் நண்பர்கள். என் தம்பியுடன் பணிபுரிந்தவர்கள் முறை வைத்து மருத்துவமனையில் துணையிருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி, நாள்தோறும் எங்கள் பெற்றோரைக் காணொளியில் அழைத்து, அன்றைய நிலவரத்தை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் சொன்னார். அம்மாவின் அழுகையை என்னால் தாங்கிக்கொள்ள முடியாத நாட்களில் அவர்தான் என் இடத்தில் இருந்து பேசினார். அண்ணி, அந்தக் கடனை நான் எந்த வகையிலும் தீர்க்க முடியாது. இன்னொரு நண்பர் காலை எடை, இரத்த அழுத்தம், குடித்த நீரின் அளவு ஆகியவற்றைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கட்டம் போட்டுக் கொடுத்தார். இரண்டே நாட்களில் எடை இரண்டு கிலோ ஏறியதை அதில் பார்த்துத்தான், மூச்சுத்திணறல் வருவதற்கு முன்பே ஒருமுறை மருத்துவமனைக்குப் போனோம்.

என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தேன். மரபணு ஆலோசகர் என்னைப் பக்கத்தில் அமர்த்தி, இந்நோயில் மரபணு மாற்றம் இருக்கக்கூடும் என்றும், அதே மாற்றம் உடன்பிறந்தவருக்கும் இருந்தால் தானம் கொடுப்பவரே நோயில் விழலாம் என்றும், மாற்றம் இருப்பவர்கள் அனைவருக்கும் நோய் வருவதில்லை என்றும் பொறுமையாகச் சொன்னார். காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் மருந்து இல்லாமல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் அதையும் நோய் தாக்கலாம் என்பதையும் அவரே விளக்கினார். என் அவசரத்தை அவர் அலட்சியம் செய்யவில்லை. அன்பாகத் தடுத்து நிறுத்தினார். பிறகு அவனுடைய சிறுநீரகங்கள் ஓரளவு மீண்டு டயாலிசிஸே நின்றுவிட்டதால் தானத்துக்குத் தேவை எழவில்லை.

இப்போது நீண்ட நாள் செயல்படும் ராவுலிசுமாப் மருந்துக்கு மாறி, எட்டு வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றிக்கொள்கிறான். காய்ச்சல் வந்தால் உடனே காட்ட வேண்டிய அட்டை எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கிறது. கடைசியாக எடுத்த எக்கோவில் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தம் 50 சதவீதம் என்று வந்தபோது, அந்த மூத்த செவிலியர் தம் பிரிவிலிருந்து இறங்கி வந்து, அறிக்கையை வாங்கி இரண்டு முறை படித்தார். இதே நோயால் டயாலிசிஸில் இருப்பவர்களின் குடும்பத்தினர், மூச்சு வாங்கும்போது எல்லாப் பழியையும் நீர்மேல் போட்டுவிடாமல் ஓர் எக்கோ எடுக்கும்படி கேட்க வேண்டும் என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். அவருடைய அனுமதியோடு அதை இங்கே எழுதுகிறேன். நண்பர்கள் சிலர் இன்னும் என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறார்கள். உடல்நலம் இடம் கொடுத்தால் பிளாஸ்மா தானம் செய்யுங்கள். அதுவே எங்களுக்குச் செய்ததாகும். அடுத்த எக்கோ மூன்று மாதங்களில் இருக்கிறது. முடிவு வந்ததும் உங்கள் அனைவருக்கும் தெரிவிக்கிறேன்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா