மட்டக்களப்பு – யாழ்ப்பாணம்: தூரம் சரி, நேரம்?

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம், பறப்பு நேரம் பற்றித் தங்கள் வாரப் பதிப்பில் வெளிவந்த சிறு குறிப்புத் தொடர்பாக இதனை எழுதுகிறேன். தூரத்தில் பிழையில்லை. திமிலைதீவிலுள்ள எமது விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோடு வரைந்தால் ஏறத்தாழ 290 கிலோமீற்றர் வரும். ஆனால் அதனைக் கடக்க அரை மணித்தியாலமும் ஆகாது என்ற கணக்கு, மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானத்தை நினைத்து வகுத்துப் பெற்ற விடையாகும். அத்தகைய விமானமும் உயரத்தை எட்டிய பின்னரே அந்த வேகத்தில் பறக்கும் என்பதால், இவ்வளவு குறுகிய தூரத்தில் அது ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமாக, எமது ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்கு உரியதன்று. 2018 மார்ச்சில் சிவில் சேவைக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர் இங்கு பயணிகளை ஏற்றி வந்தவை செஸ்னா கரவான் போன்ற சிறு விமானங்களே. மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் பறக்கும் அவ்விமானத்துக்குப் பலாலி ஒரு மணித்தியாலப் பயணம். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கிய சற்றுப் பெரிய ஏ.டி.ஆர். வகைச் சுழல்விசிறி விமானமாயினும் முக்கால் மணித்தியாலமளவில் எடுக்கும்.

இவையும் நேரடிச் சேவை இருந்தால் மட்டுமே பொருந்தும். இவ்விரு நகரங்களுக்கும் இடையில் நாளாந்த நேரடி விமானம் இல்லாத நிலையில், பறந்தே போக விரும்புபவர் முதலில் மேற்குக் கரைக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். கொழும்பை அடுத்துள்ள இரத்மலானை விமான நிலையம் வழியாக அளந்தால் அது ஏறத்தாழ 550 கிலோமீற்றர்; காத்திருப்பு வேறு. நேர்கோட்டை நம்பக்கூடாது என்பது வாவிக் கரையில் வாழும் எங்களுக்குப் புதிதல்ல. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, கண்ணுக்கெதிரே தெரிந்த படுவான்கரைக்கு, அதாவது வாவியின் மேற்குக் கரைக்கு, போகப் ‘பாதை’ என்று நாம் அழைக்கும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்றவர்கள் நாங்கள். பாலம் வந்து குறைந்தது நேரந்தான், தூரமன்று.

உண்மையில் இந்த வழியில் அதிகம் பயணிப்போர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கற்கும் வடபகுதி மாணவர்களும், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்களும், அவர்களுடைய குடும்பத்தினருமே. அவர்களுக்கு விமானக் கட்டணம் எட்டாதது. சிறு விமானத்தில் பொதிகளின் நிறைக்கும் கடும் கட்டுப்பாடு உண்டு. ரயிலில் போவதானால் மாகோ சந்தி வரை மேற்கே சென்று, அங்கே வடபகுதி ரயிலுக்கு மாற வேண்டும். ஆகவே பெரும்பாலானோர் பேருந்தில் பொலன்னறுவை வழியாகவோ, வாகரை, திருகோணமலை வழியாகவோ தான் போகிறார்கள். இவர்களுக்குப் பயன்படும் ஒரு வரிகூட அக்குறிப்பில் இல்லாதது வருத்தத்துக்குரியது.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது எந்த விமான நிலையத்திலிருந்து, எவ்வகை விமானத்தில், நேரடியாகவா மாறியா என்பவற்றைச் சேர்த்து, அருகிலேயே பேருந்துக்கும் ரயிலுக்கும் வீட்டு வாசலிலிருந்து ஆகும் மொத்த நேரத்தையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாகோவில் இரு ரயில்களின் நேரங்களையும் பொருத்துவது பற்றி ரயில்வே திணைக்களத்திடம் தங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் இன்னும் நன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.