செப்புத்தகட்டில் பதிந்த முகங்கள்

ஆசிரியருக்கு,

பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றிய நியோகிளாசிக்கல் ஓவியம் பற்றிய ஞாயிறு கட்டுரையில் செதுக்குப்படங்களுக்கு ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தந்தது. அறிஞர்களின் முகத்தை ஊருக்குக் காட்டியவை அவைதாம். ஓவியம் ஒரே சுவரில் தொங்கும். செப்புத்தகட்டில் செதுக்கினால் பிரதி பிரதியாக அச்சாகி விற்கும்.

1777இல் கோஷன் வரைந்து செந்தோபன் செதுக்கிய அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் படத்தைப் பாருங்கள்: பொய்முடி இல்லை, விலங்கு ரோமத்தாலான தொப்பி, மூக்குக்கண்ணாடி. மின்னலை ஆராய்ந்தவரைப் பாரிஸ் மக்கள் எளிய ஞானியாக எண்ணியதில் அந்தத் தொப்பிக்குப் பெரிய பங்குண்டு என்பேன். தன் முகம் நிலாவைப் போல எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று 1779இல் மகளுக்கு எழுதியபோது, எங்கும் பரவிய இத்தகைய அச்சுப்படங்களையும் அவர் குறிப்பிட்டார்.

ரோமில் ஓவியர் ஆஞ்செலிகா காஃப்மனும் 1764இல் கலை வரலாற்றறிஞர் விங்கெல்மனை வரைந்து, தானே செப்பிலும் பொறித்தார். அடுத்த முறை இந்தப் படங்களையும் அச்சிடுங்கள்.

- ஓர் ஓவிய ஆசிரியர், கும்பகோணம்