செயலாளர் ஆண்டறிக்கை: ட்யூமர் போர்டில் நோயாளிக்காகப் பேசுவது

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் செவிலியர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. மே 12 செவிலியர் தினத்தன்று பணி ஓய்வு பெற்ற மூத்தவர்களுக்கு மரியாதை செய்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் கோரிக்கையைத் தலைவர் தனித் தீர்மானமாக முன்வைக்கிறார். எனவே இந்த ஆண்டு நாம் அதிகம் உழைத்த ஒரு வேலையைப் பற்றியே, அதாவது ட்யூமர் போர்டு கூட்டத்தில் நோயாளிக்காகச் செவிலியர் பேசுவது பற்றியே, மீதி அறிக்கையில் பேசுகிறேன்.

2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் நாம் ஒரே சங்கமாகச் சேர்ந்தேதான் இருக்கிறோம். நம் உறுப்பினர்கள் இரண்டு மாவட்டங்களிலும், சேலம், ஓசூர், பெங்களூர் மருத்துவமனைகளிலும் வேலை செய்கிறார்கள். புற்றுநோய் வார்டில் இருப்பவர்களுக்கு ட்யூமர் போர்டு என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு டாக்டர்கள், ஸ்கேன் பார்க்கும் டாக்டர், பயாப்ஸி பார்க்கும் டாக்டர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளிக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் கூட்டம் அது. இங்கிலாந்தில் 1995இல் வந்த கால்மன்-ஹைன் அறிக்கைக்குப் பிறகு இந்த முறை அந்த நாடு முழுக்கப் பரவியது. புற்றுநோய்க்கென்று தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் அங்கே அந்தக் குழுவில் நிரந்தர உறுப்பினர். நோயாளியின் விருப்பத்தையும் தேவையையும், முடிந்தவரை, அவரை நேரில் பார்த்த ஒருவரே கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று 2010இல் வெளியான வழிகாட்டுதல் சொல்கிறது. இவ்வளவு இருந்தும், அங்கே கூட்டங்களில் உட்கார்ந்து கவனித்த ஆய்வாளர்கள், ஸ்கேனும் பயாப்ஸியும் பேசப்படும் அளவுக்கு நோயாளியின் நிலைமையும் விருப்பமும் பேசப்படுவதில்லை, செவிலியர் வாய் திறப்பதும் குறைவுதான் என்று எழுதினார்கள். நாற்காலி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

நம் பக்கத்தில் பலருக்கு அந்த நாற்காலியே இல்லை. "ஃபைலை எடுத்துக் கொடுக்கத்தான் கூப்பிடுவாங்க" என்று ஒரு சகோதரி செயற்குழுவில் சொன்னபோது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. அதனால் உள்ளே போனால் என்ன பேசப்போகிறோம் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். "அந்தம்மா பாவம், ரொம்பக் கஷ்டப்படறாங்க" என்றால் டாக்டர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்கேனுக்குப் போய்விடுவார்கள். முடிவை மாற்றக்கூடிய செய்தி வேண்டும். அதற்காகத் தமிழில் ஒரு பக்கப் படிவம் தயாரித்தோம். தனக்கு என்ன நோய் என்று நோயாளிக்கு எந்த அளவுக்குத் தெரியும்? எந்த வேலையை விட முடியாது? பஸ் எத்தனை மணிக்கு? கூட யார் வருவார்கள்? தமிழா, தெலுங்கா, கன்னடமா, எந்த மொழியில் சொன்னால் நன்றாகப் புரியும்? எதற்கு அதிகம் பயப்படுகிறார்? எது வேண்டவே வேண்டாம் என்கிறார்? கேள்விகள் இவ்வளவுதான். கூட்டம் நடக்கும் அதே வாரத்தில் நோயாளியைத் தனியாகப் பார்த்துக் கேட்க வேண்டும், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், கூட்டத்தில் சொல்லலாமா என்று அனுமதியும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காமல் நாமே ஊகித்துப் பேசுவதற்குச் சங்கம் ஆதரவு தராது என்பதைச் செயற்குழு உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

பயிற்சி வகுப்புகளில் உறுப்பினர்கள் பகிர்ந்த சில அனுபவங்களை, ஆளும் இடமும் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மார்பகத்தில் சின்னக் கட்டி. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம் என்பது டாக்டர்களின் எண்ணம். மருத்துவப்படி சரியான யோசனைதான். ஆனால் ஐந்து வாரம் தினமும் வர முடியாது என்பதால், "மாரையே எடுத்துடுங்க, நான் ஊருக்குப் போகணும்" என்று அந்தப் பெண் வார்டில் சொல்லியிருந்தார். செவிலியர் இதைக் கூட்டத்தில் சொன்னதும் கதிர்வீச்சு டாக்டர், மூன்று வாரத்தில் முடியும் முறை இருக்கிறதே, தங்க இடம் பார்த்துக் கொடுத்தால் சம்மதிப்பாரா என்று கேட்டார். திரும்பப் போய்க் கேட்டார்கள். சம்மதித்தார். எந்த ஸ்கேனிலும் இல்லாத ஒரு செய்தி ஒரு பெண்ணின் மார்பகத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொருவர் முதியவர். நோய் எலும்புக்குப் பரவி முதுகில் தாங்க முடியாத வலி. பத்து நாள் கரண்ட் வைப்பதாக இருந்தது. அவரைப் பஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டிவர ஆளில்லை என்று செவிலியர் சொன்னார். ஒரே தடவையில் 8 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்தாலும் வலி அதே அளவு குறையும், சிலருக்கு மட்டும் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டிவரும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். அப்படியே முடிவானது.

மூன்றாவது, புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை செய்பவர். பாக்ளிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தில் விரல் மரத்துப்போவது எல்லோருக்கும் தெரிந்த பக்க விளைவு. அவர் டாக்டரிடம் அதைச் சொல்லவேயில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். ஊசி போடும் சகோதரியிடம் மட்டும், ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை என்றிருக்கிறார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும், மரத்துப்போன விரலால் விட்டுப்போன கூலியை யார் தருவார்கள்? கூட்டத்தில் பேசியபின் மருந்தின் அளவைக் குறைத்தார்கள்.

ஈகாக் அளவுகோல் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளி எவ்வளவு நடமாட்டமாக இருக்கிறார் என்பதற்கு 0 முதல் 4 வரை மதிப்பு போட்டு (எண் கூடக் கூட நடமாட்டம் குறைவு), அதை வைத்தே கீமோ தாங்குவாரா என்று பார்க்கிறார்கள். ஓ.பி.க்கு வரும் நாளில் எல்லோரும் தலைவாரி, நல்ல துணி உடுத்தி, தெம்பை வரவழைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். டாக்டர் 1 என்று எழுதுவார். பாத்ரூம் போகக் கைத்தாங்கல் வேண்டும், பகலில் பாதிக்கு மேல் படுக்கைதான் என்பது வார்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அது 3. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். சீனியர் டாக்டர் முன்னால் தயக்கம் இருக்கும்தான், இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம்மை அதிகம் வாட்டிய விஷயம் குடும்பம். "அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் கையைப் பிடித்துக்கொள்கிறார். மகன் சொல்வதே நோயாளியின் விருப்பமாகக் கூட்டத்துக்குப் போய்விடுகிறது. அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பாசத்தில்தான் சொல்கிறார். இது பற்றி நமக்குள் கடுமையான விவாதம் நடந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: நோயின் பெயரை நாமாகப் போய் உடைக்க வேண்டாம், அது டாக்டரின் பொறுப்பு. ஆனால் "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கணுமா, இல்ல பையன்கிட்ட சொன்னாப் போதுமா" என்று நோயாளியிடமே கேட்கலாம். கேட்டவர்களில் பலர், தங்களுக்கு முன்பே தெரியும், மகன் வருத்தப்படுவானே என்று தெரியாததுபோல் இருக்கிறோம் என்றார்களாம். மகன் சொன்னதை மகன் சொன்னதாகவும், தாய் சொன்னதைத் தாய் சொன்னதாகவும் படிவத்தில் தனித்தனியாக எழுதுகிறோம்.

டாக்டர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். சில இடங்களில் இப்போது ஸ்கேனைத் திரையில் காட்டுவதற்கு முன்பே "சிஸ்டர், நீங்க சொல்லுங்க" என்கிறார்கள். ஓரிடத்தில் கூட்டத்துக்குள் விடவே மறுத்துவிட்டார்கள். அங்கே படிவத்தை கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் வைக்க மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது. சரி, அதையும் விடாமல் செய்கிறோம். பெரிய தடை ஆள் பற்றாக்குறை. வார்டில் ஒரே ஒருவர் டியூட்டியில் இருக்கும்போது கூட்டத்துக்கு எப்படிப் போவது? அந்த நேரத்துக்கு மட்டும் மாற்று ஆள் கேட்டு மனு எழுதியிருக்கிறோம்.

அப்புறம், கூட்டம் முடிந்ததும் என்ன முடிவானது, ஏன் என்பதை அன்றே போய் நோயாளியிடம் சொல்வதும் நம் வேலைதான். அவர் கேட்டது நடக்காமல் போயிருந்தால் இன்னும் கட்டாயமாகச் சொல்ல வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள். படிவத்தைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் தயாரிக்க வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து உறுப்பினர்கள் உதவ வேண்டும். இரண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீடு வீடாகப் போய் வலி நிவாரணம் தரும் செவிலியர் நோயாளியின் வீட்டுத் திண்ணையில் கேட்டது, பெரிய மருத்துவமனையின் கூட்டம் வரை போய்ச் சேர ஒரு வழி செய்ய வேண்டும். இந்த வேலைக்கு முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்