சென்னை கண்ணகி நகர் கபடி கோச் சாருக்கு ஒரு கடிதம்

வணக்கம் சார். தேனி பக்கத்துலேந்து எழுதறேன், உங்களுக்கு என்னைத் தெரியாது.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய யூத் கேம்ஸ்ல கபடிய மொத தடவையா சேத்திருந்தாங்க, பைனல்ல நம்ம பொண்ணுங்க ஈரான 75-21னு பொளந்து கட்டினாங்கல்ல, அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க. காரணம் இருக்கு சார். 2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல இதே ஈரான்கிட்ட நம்ம பெண்கள் டீம் 24-27னு தங்கத்த விட்டுச்சு, அது மனசுல அப்படியே கெடந்துச்சு. (அன்னிக்கு ஈரான் டீமுக்கு கோச் யாருன்னா நம்ம நாசிக்லேந்து போன ஷைலஜா ஜெயின். ஒரு நல்ல கோச் போய் நின்னா என்ன நடக்கும்னு அதுல தெரிஞ்சுக்கலாம்.)

ஜெயிச்ச டீமோட வைஸ் கேப்டன் உங்க கார்த்திகா. முதலமைச்சர் 25 லட்சம் குடுத்தாரு, பேப்பர் டிவின்னு எல்லாரும் வந்தாங்க, ரொம்ப சந்தோஷம். கண்ணகி நகர்னு அட்ரஸ் சொன்னாலே வேலை குடுக்க யோசிக்கறாங்கன்னு அங்க வளந்த பசங்க எத்தன வருஷமா சொல்லிட்டு இருக்காங்க, ஆத்தோரம் குடிசையிலேந்து கொண்டு வந்து குடி வச்சதத் தவிர அவங்க என்ன தப்பு பண்ணாங்க? இப்ப தமிழ்நாடே அந்தப் பொண்ண "கண்ணகி நகர் கார்த்திகா"ன்னுதான் கூப்பிடுது.

ஆனா நான் எழுத வந்தது அதுக்கெல்லாம் முன்னாடி, கேமரா இல்லாத சாயங்காலங்கள்ல நீங்க பாத்த வேலைக்காக. எங்க ஸ்கூல் பி.டி. டீச்சர் செஞ்சத பக்கத்துல இருந்து பாத்தவ நான், அதனால அது எவ்ளோ பெரிய வேலைன்னு எனக்குத் தெரியும். கோடு போடறது, வராத புள்ள வீட்டுக்குப் போய் ஏன் வரலன்னு கேக்கறது, பொட்டப்புள்ள ஷார்ட்ஸ் போட்டு ஆடணுமான்னு எகிறுற அப்பாகிட்ட கோவப்படாம பேசறது, வெளியூர் மேட்ச் முடிஞ்சு வந்தா ஒவ்வொருத்தியையும் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு விடறது.

டீச்சர்கிட்ட ஒரு பழக்கம் சார். ரெய்டு போய் (எதிர் டீம் பக்கம் தொடப் போய்) மாட்டி அவுட் ஆகி வெளிய வந்து உக்காந்தா எங்கள தலையத் தொங்கப் போட விட மாட்டாங்க. கார்னர்ல யாரு நிக்கறா, யாரு கால புடிக்க வர்றா, எந்தப் பக்கம் கேப் விடுறாங்கன்னு பாத்து சொல்லச் சொல்லுவாங்க, ஏன்னா நம்ம ஆளு ஒரு பாயிண்ட் எடுத்தா வெளிய உக்காந்தவ திரும்பி உள்ள போகணும், அப்ப அழுதுட்டு போனா என்ன பிரயோஜனம். ரொம்ப வருஷம் கழிச்சு எனக்கு வேலை போயி வீட்டுல உக்காந்திருந்தப்ப நான் பண்ணதும் அதேதான், சும்மா இருக்காம யாரு என்ன கோர்ஸ் கேக்கறாங்க எங்க ஆள் எடுக்கறாங்கன்னு பாத்துட்டே இருந்தேன், திரும்ப உள்ள போயிட்டேன். டீச்சர் இதெல்லாம் யோசிச்சா சொல்லிக் குடுத்தாங்க, அவங்களுக்கு அந்த மேட்ச் ஜெயிக்கணும் அவ்ளோதான்.

எங்க டீம்ல யாரும் இந்தியாவுக்கு ஆடல. ஒருத்தி 3 சதவீத ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மென்ட் வேலைக்குப் போனா, ஒருத்தி தையல் கடை வச்சிருக்கா, இன்னும் எங்களுக்கு ஒரு பிரச்சனைன்னா மொதல்ல டீச்சருக்குத்தான் போன் போகும்.

இப்ப ஞாயித்துக்கிழமைல நானும் எங்க ஊர் பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுக்கறேன். மண்ணுலயே ஆடிப் பழகின புள்ளைங்க செலக்‌ஷன்ல மேட் மேல ஷூ போட்டு ஏறினா திணறுதுங்க, அதக் கூட பழக்கி சரி பண்ணிடலாம். ஒரு பொண்ணு அருமையா ரெய்டு போவா, பத்தாவது முடிஞ்சதும் நிறுத்திடலாம்னு வீட்ல பேசறாங்க, அதுக்குத்தான் எனக்கு வழி தெரியல. தை மாசம் சென்னை வர்றேன் சார், அவளையும் அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். நீங்க அவங்கம்மாகிட்ட கொஞ்சம் பேசணும், கார்த்திகா ஊர்ல இருந்தா அதுவும் ஒரு அஞ்சு நிமிஷம் பேசினா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
தேனிலேந்து ஒரு பழைய ரெய்டர்