சைவ்னு பேரு வைக்கலாமா, அம்மா சொல்லுறேன் கேளு

மக்களே யாழினி,

ராத்திரி நீ பாதியில "சரிம்மா, அப்புறம் பேசுறேன்"னு போனை வச்சிட்ட, அதுக்கப்புறம் எனக்கு தூக்கமே வரல. அப்பா குறட்டை விட்டுட்டு கெடக்காரு. நான் கட்டன்சாயா போட்டுட்டு கிச்சன்ல உக்காந்து டைப் பண்ணுறேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

பொம்பளப்புள்ளன்னு ஸ்கேன்ல சொல்லியாச்சு, மாப்பிள்ளைக்கு அவரோட ஐரிஷ் பாட்டி பேரை, சைவ்னு, வைக்கணும்னு ஆசை, நீ என்னடான்னா மான்செஸ்டர்ல ஒருத்தனும் ஒழுங்கா கூப்பிட மாட்டான், எம்மான்னு வச்சுட்டு நிம்மதியா இருக்கலாம்ங்க. எம்மான்னு வச்சா அந்த பேருல யாரும் புள்ளைய கூப்பிட்டா நாகர்கோவில்ல நம்ம தெருவுல இருக்க அத்தனை பொம்பளைங்களும் திரும்பிப் பாப்பாளுவ, அத யோசிச்சியா? சும்மா சொன்னேன். ஆனா இதுல எனக்கு ஒரு விஷயம் சொல்லணும், போன்ல சொன்னா அழுதுருவேன்னுதான் எழுதுறேன்.

நீ ஆறு வயசுல அயர்லாந்துக்கு, இந்த லிமரிக் ஊருக்கு வந்தவ. உன்னை ஸ்கூல்ல யாலினின்னு கூப்பிட்டாங்க, நீ ரெண்டு வாரத்துல டீச்சருக்கே ழ சொல்லிக் கொடுக்கேன்னு நாக்கை மடிச்சுக் காட்டுன. நான் அப்படி இல்ல. எனக்கு வார்டுல முதல் நாளே என் பேட்ஜை பாத்துட்டு இன்சார்ஜ் சிஸ்டர் "ஓ காட், இதை எப்படி சொல்றது"ன்னு சிரிச்சா, தமிழ்ச்செல்வின்னு எழுத்துக்கூட்டி ஆரம்பிச்சு செல்விக்கு வரதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு அவளுக்கு, நான் அவசர அவசரமா "கால் மீ டாமி"ன்னு சொல்லிட்டேன். யாரும் என்னை கட்டாயப்படுத்தல, நானா வாய் விட்டேன். புதுசா வேலைக்கு வந்தவ, முதல் நாளே யாருக்கும் தொந்தரவா இருந்துரக்கூடாதுன்னு ஒரு பயம். அன்னைக்கு ராத்திரி போன்ல உங்க ஆச்சிகிட்ட பெருமையா சொன்னேன், இங்க எல்லாரும் என்னை டாமின்னு கூப்பிடுறாங்கன்னு. ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அது நாய்க்கு வைக்க பேருல்லா"ன்னா.

பதினாலு வருஷம். நான் வேற வார்டுக்கு மாறி போனப்ப பெரிய கேக் வாங்கிட்டு வந்து வெட்டச் சொன்னாங்க, அதுல பிங்க் ஐசிங்ல குட் லக் டாமின்னு எழுதியிருந்துச்சு. பாசமாத்தான் செஞ்சாங்க, ஒருத்தரையும் குத்தம் சொல்ல மாட்டேன். கத்திய வச்சு அந்த டாமிக்கு நடுவுல வெட்டும்போது வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அந்த போட்டோவ நான் உங்கிட்ட காட்டுனதே இல்ல.

அந்த வார்டுலதான் டோனிகால்காரர் ஒரு பெரியவர் இருந்தாரு, இடுப்பு ஆபரேஷன். அவரு ஒருத்தருதான் "உன் நெஜ பேரு என்ன"ன்னு கேட்டவரு. பிபி மெஷின் கைய இறுக்கிட்டு இருக்கும்போது தினமும் தமிழ், தமிழ்னு சொல்லிப் பாப்பாரு, கடைசி வரைக்கும் ழ வரல, ஆனா விடல. அவருதான் எனக்கு ஐரிஷ் ஸ்பெல்லிங்கோட சூட்சுமத்தை சொல்லிக் கொடுத்தது. மதிய சாப்பாட்டு மெனு கார்டை திருப்பிப் போட்டு, அவங்க சின்ன வயசுல ஸ்கூல்ல படிச்ச பழைய எழுத்தை எழுதிக் காட்டுனாரு. பி எழுதி அது தலைக்கு மேல ஒரு புள்ளி வச்சாரு. புள்ளி வச்சா பி வந்து வ் ஆயிரும், எம்மும் அப்படித்தான் மெல்ல ஆயிரும், பின்னாடி ரோமன் எழுத்துக்கு மாறுனப்ப அந்த புள்ளிக்கு பதிலா பக்கத்துல ஒரு ஹெச் போட ஆரம்பிச்சாங்களாம், அதான் இந்த பிஹெச், எம்ஹெச், டிஹெச் எல்லாம். எனக்கு ஒரே சிரிப்பு. "எங்க ஊர்லயும் எழுத்து மேல புள்ளி உண்டு"ன்னேன். இங்கிலீஷ்காரன் கண்ணுக்குத்தான் அது குப்பை, நமக்கு அப்படி இல்ல பாத்துக்க. காகம்ல ரெண்டு க-வும் ஒரே எழுத்துதான், வாயில ரெண்டும் ஒண்ணாவா வருது? பாம்புல ரெண்டு ப? நாம எழுதாமலே மாத்திச் சொல்லுறோம், அவங்க எழுதிக் காட்டிட்டு மாத்திச் சொல்லுறாங்க, அவ்வளவுதான். பழைய ஐரிஷ்ல மொத்தமே 18 எழுத்துதானாம், நம்ம மெய்யெழுத்து மாதிரி.

அதே பெரியவர்தான் வண்டிக் கதையும் சொன்னாரு. 1905ல டோனிகால்ல நியால் மக் கில்ல வ்ரீஜன்னு ஒருத்தரு தன்னோட வண்டியில பேரை ஐரிஷ்ல எழுதியிருக்காரு. வண்டியில சொந்தக்காரன் பேரு படிக்கிற மாதிரி எழுதியிருக்கணும்ங்கறது சட்டம், ஐரிஷ்ல எழுதுனா அது படிக்க முடியாத எழுத்துன்னு கேஸ் போட்டு ஃபைன் போட்டுட்டாங்க. டப்ளின்ல மேல்கோர்ட்டு வரைக்கும் போச்சாம், வாதாட வந்த வக்கீல் யாருன்னா பாட்ரிக் பியர்ஸ், ஆமா, அயர்லாந்து விடுதலைக்கு போராடி 1916ல சுட்டுக் கொன்னாங்களே அவருதான். தோத்துட்டாரு. சொந்த ஊர்ல சொந்த வண்டியில சொந்த பேரு, அது புரியலன்னு ஃபைன்! பெரியவரு அதை நேத்து நடந்த மாதிரி கோவமா சொன்னாரு, பிபி ஏறிருச்சு, நான் பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி எடுத்தேன்.

இப்ப மாப்பிள்ளையோட பாட்டிக்கு வரேன். டிங்கிள் பக்கம் அவங்க சாவுக்கு போனோமே, அப்ப கொடுத்த மெமோரியல் கார்டு இன்னும் நம்ம ஃப்ரிட்ஜ்ல மேக்னட் போட்டு இருக்கு. அதுல பெருசா சபினான்னு போட்டு கீழ சின்னதா சைவ்னு போட்டிருக்கும், அந்த ஆறு எழுத்து ஸ்பெல்லிங்ல, எஸ் ஏ டி ஹெச் பி ஹெச். பொறந்தப்ப சர்ட்டிஃபிகேட்ல சபினா, வீட்ல வாழ்நாள் முழுக்க சைவ். ஐரிஷ் பேருக்கு பக்கத்துல ஒரு இங்கிலீஷ் பேரை ஒட்டிக்கிறது இங்க ரொம்ப காலமா நடந்தது, டைக்னு பேரு இருந்தா ஆஃபீஸ்ல திமோத்தி ஆயிருவான். அந்த கார்டை பாக்கும்போதெல்லாம் எனக்கு என் கேக்குதான் ஞாபகம் வரும். அவங்களுக்கு ரெண்டு பேரு, எனக்கும் ரெண்டு பேரு. மாப்பிள்ளை ஏன் அந்த சின்ன எழுத்தை பெரிய எழுத்தாக்கணும்னு நிக்கிறாருன்னு எனக்கு நல்லா புரியுது. உனக்கு புரியலன்னு சொல்லல, நீ பயப்படுத.

பயம் நியாயந்தான். டாக்டர் க்ளினிக்ல ரிசப்ஷனிஸ்ட் பேரு கூப்பிட வரும்போது ஒரு செகண்ட் முழிப்பா பாத்தியா, அந்த முழி வந்தாலே நம்ம பேருதான்னு எந்திரிச்சுருவோம். உன் பொண்ணும் சட்பு, சாத்பான்னு என்னெல்லாமோ கேக்கத்தான் செய்வா. "ஃபைவ் மாதிரி சைவ்"னு மூணு வயசுல சொல்லப் பழகிருவா, அம்புட்டுதான் வேலை. நம்ம ஐரிஷ் நடிகை சர்ஷா ரோனன் அமெரிக்காவுல டிவிக்கு டிவி போய் தன் பேரை எப்படி சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா, ஆஸ்கருக்கு நாலு தடவ நாமினேட் ஆனது அந்த ஸ்பெல்லிங்லதான். இங்க லிமரிக்ல பாதிப்பேரு அதையே சியர்ஷாம்பாங்க, அது வேற சண்டை. இன்னொரு பேரை க்வீவாவா கீவாவான்னு ஐரிஷ்காரங்களுக்குள்ளயே வடக்கு தெக்கு தகராறு உண்டே.

ஒண்ணு மட்டும் கேளு. ஸ்பெல்லிங்கை சுலபமாக்குறேன்னு எஸ் ஐ வி ஈன்னு போட்டுராத. நீ போன்ல அதை சொன்னப்பதான் எனக்கு சுருக்குன்னுச்சு. அப்படியும் எழுதுறவங்க இருக்காங்க, ஆனா இங்கிலீஷ்ல அதை சிவ்னு, சல்லடைன்னு வாசிக்கவும் ஆள் உண்டு, அப்ப என்னத்துக்கு மாத்துன? இன்னொரு நல்லது, இந்த பேருல ஃபாதா கிடையாது. எழுத்து மேல போடுற அந்த சாய்ஞ்ச கோடுதான், நம்ம குறில் நெடில் மாதிரி, சில கம்ப்யூட்டர் அதை முழுங்கிரும். ஷான்ங்கற பேருல அந்த கோடு போச்சுன்னா பழசுன்னு அர்த்தம் வந்துரும். உனக்கு அந்த தலைவலி இல்ல.

ஆனா மாப்பிள்ளை லிஸ்ட்ல ரெண்டாவதா இருந்துச்சே, ஃபீயா, 2021ல இந்த ஊர்ல பொம்பளப்புள்ளைங்களுக்கு அதிகமா வச்ச பேராம், அர்த்தம் காட்டு மானுன்னு அழகாத்தான் இருக்கு, அது மட்டும் வேண்டவே வேண்டாம் சொல்லிட்டேன். உங்க ஆச்சி வாயில ஃ வராது. கொள்ளுப்பேத்திய அவ கோயில்ல வச்சு எப்படி கூப்பிடுவான்னு நீயே சொல்லிப் பாரு, அவருக்கும் அந்த தமிழ் அர்த்தத்தை சொல்லிக் கொடு, ஒரே நிமிஷத்துல விட்டுருவாரு.

சைவ்ல அந்த வில்லங்கம் இல்ல, வேற ஒண்ணுதான். நேத்து ஆச்சிகிட்ட மெல்ல சொல்லிப் பாத்தேன். "சைவமா? வெள்ளிக்கிழமை தவிர மீன் இல்லாம சோறு எறங்காத வீட்ல பொறந்த புள்ளைக்கு சைவமா"ன்னு ஒரே சிரிப்பு, ஆனா ஒரே தடவையில சரியா சொல்லிட்டா பாத்துக்க, மான்செஸ்டர்காரனுக்கு வராதது எண்பத்தெட்டு வயசுல அவளுக்கு வந்துருச்சு. மானா மாறுன ஒரு பொண்ணு கதை, பழைய ஐரிஷ் கதையில வர வீரன் ஃபின் மக் கூல் பொண்டாட்டி, ஓஷீனோட அம்மா, அவ பேருதான் அதுன்னும் சொன்னேன். "அப்ப வள்ளி மாதிரி"ன்னா. வள்ளி மானுக்குப் பொறந்தவல்லா, அவளுக்கு அது போதும்.

புள்ளை பொறந்து பதிய உங்க இங்கிலாந்துல 42 நாள் டைம் இருக்கு, அவசரம் இல்ல, மூஞ்சிய பாத்துட்டும் முடிவு பண்ணலாம். நான் பூந்துணியில தொட்டில் மறைப்பு தச்சுட்டு இருக்கேன், அதுல பேரு தமிழ்ல எம்ப்ராய்டரி போடணும்னு ஆசை. சைவ்னு போடவா, இல்ல ஆச்சி கூப்பிடுத மாதிரி சைவுன்னு போடவா? நூல் பச்சை வாங்கிட்டேன். காலையில எந்திரிச்சதும் மெசேஜ் போடு.

அம்மா
(தமிழ்ச்செல்வி)