கபடிக் களத்தில் உயர்ந்த கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரியொன்றில் பயிலும் என் மகள், சென்ற மாதம் நடந்த கபடிப் போட்டியில், பாடி வந்த எதிரணிப் பெண்ணின் விரல் தன் முழங்கையில் உரசியதை நடுவர் கவனிக்காதபோதும், தானே கையை உயர்த்திக் களத்தைவிட்டு வெளியேறினாள். அணி ஒரு புள்ளியில் தோற்றது. ஆனால், இன்னார் மகள் என்றே அறியப்பட்டிருந்தவளை ஊரார் இப்போது 'கபடிக்காரப் பொண்ணு' என்று பெருமையோடு அழைக்கிறார்கள். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது நல்லதே. எனினும், சான்றிதழுக்காக மட்டும் விளையாட்டை மதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேர்வைக் காரணம் காட்டி மாலைப் பயிற்சியைக் கல்லூரிகள் நிறுத்த வேண்டாம். பேருந்துக்குப் பயந்து பாதியிலேயே கிளம்பும் ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்து மாணவியருக்காக, பயிற்சி முடியும் நேரத்தில் ஒரு பேருந்து இயக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாணவி ஒருவரின் தந்தை,
பர்கூர்.